ஏரிக்குப் போன விமானம்

மாப்பிள்ளை ஒயர்காரருக்குத் தரவேண்டியது சரியாக நாலாயிரத்து முந்நூற்று இருபது ரூபாய். அந்தத் தொகையை ஒயர்காரர் எங்கும் தேடிப் பார்க்க வேண்டியதில்லை. கருவிப் பெட்டியின் மூடியைத் திறந்தால் உள்பக்கத் தகரத்தில் கறுப்பு மையில், கொட்டை எழுத்தில் நிற்கும். இடுக்கி எடுக்கும்போது கண்ணில் படும், திருப்புளி எடுக்கும்போதும் படும். மாப்பிள்ளையின் கண்ணிலும் படட்டும் என்றுதான் அப்படி எழுதி வைத்தார். மாப்பிள்ளை கண்ணிலும் பட்டது. குனிந்து நன்றாகப் பார்த்துவிட்டு, "உங்க கையெழுத்து இப்ப நல்லா திருந்திடுச்சு மச்சான்" என்றார்.

ஒயர்காரர் என்றால் விமானங்களுக்கு ஒயர் வேலை பார்ப்பவர். மாப்பிள்ளை என்றால் அவருடைய தங்கச்சி புருஷன். சொந்தமாக ஒரு விமானம் வைத்திருந்தார். சொந்த விமானம் என்றதும் பெரிய பணக்காரராக நினைத்துவிட வேண்டாம். நாலு பேர் முழங்காலை மடக்கி உட்காரும் சின்ன விமானம். கதவை இரண்டு தடவை அறைந்தால்தான் சாத்தும். இருக்கையில் கிழிசல் தெரியாமலிருக்கப் பழைய போர்வை. மாப்பிள்ளை அதில் சாமான் ஏற்றுவார், ஆளை ஏற்றுவார், ஒருமுறை இரண்டு ஆட்டுக்குட்டிகளைக்கூட ஏற்றினார். அதில் வருவதெல்லாம் அதற்கே செலவாகும். தங்கச்சி அதற்கு வைத்த பெயர் சக்களத்தி.

"அவளுக்கு எண்ணெய் மாத்தணும்னா கடன் வாங்கியாவது மாத்துறாரு. எனக்கு ஒரு செருப்பு மாத்தணும்னா மட்டும் நாளைக்கு" என்பாள்.

நாளைக்கு என்பது மாப்பிள்ளைக்கு வாயில் ஊறிய வார்த்தை. ரேடியோ மாற்றிக் கொடுத்த கூலியும் சாமானும் சேர்ந்த அந்தப் பணத்தை ஒயர்காரர் கேட்கும் போதெல்லாம், "நாளைக்கு தரேன் மச்சான்" என்று முகம் மலரச் சொல்வார். கேட்டவருக்கே பணம் வந்துவிட்டது போல இருக்கும். வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றும்போதுதான் பை காலியாக இருப்பது தெரியும். கடைசியில் ஒயர்காரர், அந்தப் பணம் கைக்கு வராமல் சக்களத்தியின் ஒரு திருகாணியைக்கூடத் தொடமாட்டேன் என்று தங்கச்சி முன்னாலேயே சொல்லிவிட்டார்.

அப்படிச் சொன்னவர்தான் அன்று காலை சக்களத்தியின் வயிற்றுக்குள் தலையை விட்டு மல்லாந்து கிடந்தார். தங்கச்சி போனில் அழவில்லை. அழுதிருந்தால் ஒயர்காரர் தாக்குப்பிடித்திருப்பார். அவள் சும்மா சொன்னாள்: "பார்சல் கம்பெனி வேலை கிடைச்சா அவ இருப்பா. கிடைக்கலன்னா வித்துடுறதா பேசியாச்சு அண்ணே. அவரு ரெண்டு நாளா சரியா சாப்பிடல." அவ்வளவுதான். ஒயர்காரர் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

விஷயம் இதுதான். இனிமேல் சின்ன விமானங்களும் வானத்தில் தாம் இருக்கும் இடத்தைத் தாமே ஓயாமல் ஒலிபரப்ப வேண்டும் என்று விதி வந்திருந்தது. அப்படி ஒலிபரப்பும் விமானத்துக்குத்தான் பார்சல் கம்பெனி வேலை கொடுக்கும். விமான ஆய்வாளரம்மா வந்து சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும், அவர் வரும் நாள் அன்றுதான். அதற்கு இரண்டு பெட்டிகள் வேண்டும். ஒன்று டிரான்ஸ்பாண்டர். அது வாய். ஊருக்கெல்லாம் கேட்கும்படி, இன்னார் இங்கே இருக்கிறேன் என்று கத்துவது அதன் வேலை. ஆனால் எங்கே இருக்கிறோம் என்று அதற்கே தெரியாது. செயற்கைக்கோளைப் பார்த்து இடத்தைக் கண்டுபிடித்துச் சொல்ல இன்னொரு பெட்டி, ஜிபிஎஸ். அது கண். எந்தக் கண் எந்த வாய்க்கு ஒத்துவரும் என்று செய்தவர்களே சோதித்து அட்டவணை போட்டிருக்கிறார்கள். வரன் பார்ப்பது போலத்தான். இரண்டு பக்கமும் தனித்தனியே நல்ல இடமாக இருந்தாலும், சேர்த்து வைத்தால் பேச்சுவார்த்தை இருக்க வேண்டுமே.

மாப்பிள்ளை வாயை நல்லதாகத்தான் வாங்கியிருந்தார். கண்ணைத்தான் படகுச் சாமான் கடையில் வாங்கியிருந்தார்.

"இது படகுக்கு உள்ளது மாப்ள" என்றார் ஒயர்காரர், விமானத்தின் வயிற்றுக்குள்ளிருந்து.

"படகுக்கு ஒரு வானம், நமக்கு ஒரு வானமா மச்சான்? மேல இருக்கிறது அதே செயற்கைக்கோள்தானே."

"அட்டவணையில இல்ல."

"அட்டவணை போட்டவன் படகுக் கடைக்குப் போயிருக்கமாட்டான். இணைச்சுத்தான் பாருங்களேன்."

இணைத்துப் பார்த்தார். மடிக்கணினியின் திரையில் சக்களத்தி விமான நிலைய வெளித்தளத்தில் எந்தக் கோட்டின் மேல் நிற்கிறாளோ அதே இடத்தில் புள்ளி விழுந்தது. மாப்பிள்ளை வெற்றிப் புன்னகையோடு இடுப்பில் கைவைத்தார். ஒயர்காரர் புள்ளியைப் பார்க்கவில்லை. அதன் பக்கத்தில் இருந்த எண்ணைப் பார்த்தார். பெட்டி சொல்லும் இடத்தை எவ்வளவு நம்பலாம் என்று ஊருக்குச் சொல்லும் நம்பிக்கை எண். அது பூச்சியத்தில் இருந்தது.

"இடம் சரியாத்தானே காட்டுது?"

"காட்டுது. ஆனா தப்பாப் போச்சுன்னா, தப்பாப் போச்சுன்னு சொல்ல இதுக்குத் தெரியாது. விமானத்துக்குன்னு செஞ்ச பெட்டி செயற்கைக்கோள் கிடைக்கலன்னா, எனக்குத் தெரியல, என்னை நம்பாதேன்னு சொல்லிடும். அப்படிச் சொல்ற பெட்டிக்குத்தான் முழு நம்பிக்கை, மூணு குடுப்பாங்க. இது எப்பக் கேட்டாலும் எல்லாம் சரியாத்தான் இருக்குங்கும்."

"நல்ல குணம்தானே."

ஒயர்காரர் வெளியே தலையை நீட்டி மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார். மாப்பிள்ளை வேறு எங்கேயோ பார்த்தார்.

பார்த்த இடம்தான் வம்பு. எதிரே விமானம் நிறுத்தும் கொட்டகைச் சுவரில் ஒயர்காரருடைய அலமாரி. மேல்தட்டில் துணி சுற்றி ஒரு பெட்டி இருந்தது. வயிறு தரையில் தேய்ந்து பிரித்துப் போட்ட ஒரு விமானத்திலிருந்து அவர் விலைக்கு வாங்கி, சோதனைக்கு அனுப்பிச் சான்றோடு வைத்திருந்த ஜிபிஎஸ். அட்டவணையில் மாப்பிள்ளையின் டிரான்ஸ்பாண்டருக்கு நேரான வரிசையில் அதன் பெயர் இருந்தது. இது ஒயர்காரருக்கும் தெரியும், மாப்பிள்ளைக்கும் தெரியும். பழைய கடன் நிற்கும்போது கேட்க மாப்பிள்ளைக்கு வாய் வரவில்லை. கேட்காமல் கொடுக்க ஒயர்காரருக்குக் கை வரவில்லை. இரண்டு பேருமாக அந்த அலமாரியைச் சுவரைப் போலப் பார்த்துக்கொண்டார்கள்.

மாப்பிள்ளை பக்கத்தில் வந்து குந்தினார். குரல் இறங்கியது.

"மச்சான், அந்தப் பூச்சியத்த நாமளே மூணுன்னு மாத்தலாமாமே. ஒயர் வேலை பாக்குறவரு அடிக்கிற எண்தானாமே அது."

"யார் சொன்னா?"

"சொன்னாங்க."

"மாத்தலாம். அடுப்புல கையையும் வைக்கலாம்."

"ஆய்வாளரம்மா பாத்துட்டுப் போயிடுவாங்க. அப்புறம் நாளைக்கே நல்ல பெட்டியா வாங்கிப் போட்டுடலாம்."

"நாளைக்கா" என்றார் ஒயர்காரர். முதுகு வலித்தது. எழுந்து உட்கார்ந்தார். அந்த அம்மாள் இன்றைக்கு வந்துவிட்டுப் போனால் இரண்டு மாதம் இந்தப் பக்கம் தலைகாட்டமாட்டார். அதற்குள் பார்சல் வேலை வேறு யாருக்காவது போய்விடும். ஒரே ஒரு எண். விரலால் ஒரு தட்டு. சக்களத்தியும் பிழைப்பாள், தங்கச்சி வீட்டில் சோறும் இறங்கும். அவருக்கு ஆசை வராமல் இல்லை. விரல்கூட விசைப்பலகைக்கு மேல் போய் நின்றது. அப்புறம் மேகத்துக்குள் பார்சலோடு போகும் மாப்பிள்ளை நினைவுக்கு வந்தார். எதிரே வருகிற இன்னொரு விமானமும் நினைவுக்கு வந்தது. விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"பசிக்குது. சாப்பிட்டு வந்து யோசிக்கிறேன். நீங்க எதையும் தொடாதீங்க."

"நான் ஏன் தொடப்போறேன்" என்றார் மாப்பிள்ளை.

ஒயர்காரர் செய்த தப்பு, மடிக்கணினியை மூடாமல் போனது. இத்தனை வருடம் மாப்பிள்ளையோடு பழகியவர் செய்யக்கூடிய தப்பு இல்லை அது. பசி கண்ணை மறைத்துவிட்டது.

கேன்டீனில் தட்டு பாதி காலியாகும்போது மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் வழியே பார்த்தால், மாப்பிள்ளை இழுவை வண்டியைப் பிடித்துவந்து சக்களத்தியை வெளித்தளத்திலிருந்து கொட்டகைக்குள் இழுத்துக்கொண்டிருந்தார். கதவு சரியாகச் சாத்தாது, இருக்கை நனைந்துவிடும் என்ற பதற்றம். நல்லதுதான் என்று ஒயர்காரர் மீதிச் சோற்றைப் பிசைந்தார். கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தங்கச்சி.

"அண்ணே, உண்மைய சொல்லுங்க. வித்துட்டாரா?"

"எதை?"

"சக்களத்திய."

"கொட்டகையில நிக்குதும்மா. இப்பத்தான் உள்ள இழுத்தாரு."

"என்கிட்ட மறைக்காதீங்க. போன்ல நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

விமானங்கள் எங்கே போகின்றன என்று காட்டும் வரைபடம் தங்கச்சியின் போனில் எப்போதும் திறந்திருக்கும். காலையில் ஒயர்காரர் ஒயரைச் சொருகியதும் அதில் சக்களத்தியும் தோன்றியிருக்கிறாள். ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்த தங்கச்சியின் கண் முன்னாலேயே அவள் கொட்டகைக்குள் போனாள். பின்சுவர் வழியாக வெளியே வந்தாள். நடைவேகத்தில் வாகன நிறுத்துமிடத்தைத் தாண்டினாள்.

"பறக்கல அண்ணே. தரையில மெதுவாப் போகுது. லாரியில ஏத்திட்டாங்க. எனக்குத் தெரியாதா? இப்ப பெரிய ரோட்டத் தாண்டுறாங்க. உங்க கடனுக்காகத்தான் வித்தாரா? நீங்க நெருக்குனீங்களா?"

"அம்மாடி, நான் ஒண்ணும்..."

"நான் ஸ்கூட்டர எடுத்துட்டுப் பின்னாலயே போறேன்" என்றாள். போன் நின்றது.

ஒயர்காரர் ஈரக்கையோடு மழையில் ஓடினார். ஓடும் வயது தாண்டிப் பல காலம் ஆயிற்று. கொட்டகைக்குள் சக்களத்தி கல்லுப்போல நின்றாள். அவள் முன்னால், மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல், கையில் சோதனைக் கருவியோடு ஆய்வாளரம்மா. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்திருந்தார். பக்கத்தில் மாப்பிள்ளை, பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏற்றிய பிள்ளை போல.

"வாங்க" என்றார் ஆய்வாளரம்மா. "இந்த விமானம் இப்ப எங்க இருக்கு?"

"இங்கதான்மா. உங்க முன்னாடி."

"அப்படித்தான் எனக்கும் தெரியுது. ஆனா அது அப்படி நினைக்கல." கருவியைத் திருப்பிக் காட்டினார். "பெரிய ரோட்டத் தாண்டி ஏரிக்குப் போயிட்டிருக்கு. அதுவும் சந்தேகமே இல்லாம போகுது பாருங்க. நம்பிக்கை எண் மூணு."

ஒயர்காரருக்கு விளங்கிவிட்டது. படகுப் பெட்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. பாலத்தின் அடியில் போகும்போது செயற்கைக்கோள் கிடைக்காவிட்டால், கடைசியாகப் போன திசையில், கடைசியாகப் போன வேகத்தில் இன்னும் போய்க்கொண்டிருப்பதாகத் தானே நினைத்துக்கொள்ளும். படகுக்காரருக்கு அது வசதி. பாலம் எப்படியும் முடிந்துவிடும். தகரக் கூரைக்கு அடியில் நிறுத்திய விமானத்துக்கு அந்தப் பாலம் முடியவே முடியாது. இழுவை வண்டி நின்றுவிட்டது. பெட்டி நிற்கவில்லை.

தரையிலேயே இப்படி. வானத்திலானால் என்ன ஆகும் என்று மூன்று பேருக்குமே தெரியும்.  

"இந்த மூணை யார் போட்டது?" ஆய்வாளரம்மாவின் குரல் உயரவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "உரிமம் உங்க பேர்லதானே இருக்கு?"

"ஆமாம்மா" என்றார் ஒயர்காரர்.  அந்த உரிமத்துக்காக எழுத்துக் கூட்டிப் படித்துப் பரீட்சை எழுதியவர். அதைப் பிடுங்கிவிட்டால் மறுபடி பழையபடி மூட்டை தூக்கப் போக வேண்டியதுதான். மாப்பிள்ளையைக் காட்டிக் கொடுக்கவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. கையில் இன்னும் கேன்டீன் சோப்பு வழுக்கியது.

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். ஒயர்காரர் கண்ணை மூடிக்கொண்டார். எல்லாம் சரியாத்தான் இருக்கு, நாளைக்கு மாத்திடுறோம் என்று ஆரம்பிக்கப் போகிறார்.

"நான்தான் போட்டேன்" என்றார் மாப்பிள்ளை. "மச்சான் பூச்சியத்துலதான் வச்சிருந்தாரு. எதையும் தொடாதேன்னும் சொன்னாரு. அவரு சாப்பிடப் போனப்போ நான் மாத்தினேன். அவருக்குத் தெரியாது."

ஆய்வாளரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஒயர்காரரின் போன் மறுபடி அடித்தது. தங்கச்சியின் குரல் மழையோடு கொட்டகை முழுக்கக் கேட்டது.

"அண்ணே, போன்ல அது காட்டுற இடத்துலதான் நானும் நிக்கிறேன். ஏரிக்கரை. லாரியக் காணோம். ஒரு வாத்துதான் இருக்கு. இப்ப அது தண்ணிக்குள்ள போகுது."

"வாத்தா?"

"விமானம் அண்ணே."

ஆய்வாளரம்மா சட்டென்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. திரும்பி வரும்போது முகம் பழையபடி இருந்தது. "முதல்ல அந்தப் பெட்டிய நிறுத்துங்க. கட்டுப்பாட்டுக் கோபுரத்துல இருந்து ரெண்டு தடவ கேட்டுட்டாங்க. அடுத்த கொட்டகையில எனக்கு வேலை இருக்கு. சாயங்காலம் கிளம்புறதுக்கு முன்னாடி திரும்ப வருவேன். அப்ப அட்டவணையில இருக்கிற ஜோடி இதுல இருந்தா பாக்குறேன். இல்லன்னா ரெண்டு மாசம் கழிச்சுத்தான். நீங்க," என்று மாப்பிள்ளையிடம், "இனிமே மடிக்கணினிப் பக்கம் போகாதீங்க."

அவர் போனதும் இருவரும் அலமாரியைப் பார்த்தார்கள். இந்தத் தடவை சுவரைப் பார்ப்பது போல இல்லை.

மாப்பிள்ளை சக்கரத்தின் மேல் உட்கார்ந்தார். "அந்தப் படகுப் பெட்டி என்ன விலைன்னு கேக்கவே இல்லையே மச்சான் நீங்க."

"என்ன விலை?"

"நாலாயிரத்து முந்நூத்து இருபது."

ஒயர்காரர் புருவத்தை உயர்த்தினார்.

"உங்க பணம்தான். உண்மையிலயே சேத்து வச்சிருந்தேன். உங்ககிட்ட குடுக்கத்தான் வந்துட்டிருந்தேன், வழியில அந்தக் கடை. நாலாயிரத்து ஐந்நூறு சொன்னான். கையில இருக்கிறது இவ்வளவுதான்னு பேசிக் குறைச்சுட்டேன்."

"என் பணத்துக்கு நல்லாத்தான் பேரம் பேசியிருக்கீங்க."

"அந்த மேல்தட்டுப் பெட்டிய நான் கேக்கல மச்சான்" என்றார் மாப்பிள்ளை, தரையைப் பார்த்து. "கேட்டா நாளைக்கு தரேன்னு வாய்ல வந்துடும். என்கிட்ட பணம் இல்ல. எப்ப இருக்கும்னும் எனக்குத் தெரியல."

ஒயர்காரர் இத்தனை வருடத்தில் மாப்பிள்ளையின் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சைக் கேட்டதில்லை. காதைக் குடைந்துகொண்டார். பிறகு முட்டுக்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து துணி சுற்றிய பெட்டியை இறக்கினார்.

"டார்ச்ச பிடிங்க" என்றார். "பிடிக்கிறது மட்டும்தான் உங்க வேலை."

படகுப் பெட்டியைக் கழற்றி, நல்ல பெட்டியைப் பொருத்தி, ஒயர்களை ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தபோது தங்கச்சி வந்து சேர்ந்தாள். தலைமுதல் கால்வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தாள். வந்தவள் புருஷனையும் பார்க்கவில்லை, அண்ணனையும் பார்க்கவில்லை. நேரே போய்ச் சக்களத்தியின் மூக்கில் கை வைத்துப் பார்த்தாள். இருக்கிறாள் என்று உறுதியான பிறகுதான் திரும்பினாள்.

"ஊரெல்லாம் சுத்த வச்சுட்டாளே" என்றாள்.

நடந்ததையெல்லாம் கேட்டாள்.  மாப்பிள்ளை தானே உண்மையைச் சொன்ன இடம் வந்தபோது, அவர் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு முந்தானையைப் பிழிந்துகொண்டே, "பார்சல் கம்பெனி பணம் இனி என் கணக்குக்குத்தான் வரணும். இந்தப் பெட்டிக்கு மாசாமாசம் நான் தரேன் அண்ணே. இவர் கை நடுவுல வராது" என்றாள்.

"நீ சொன்னா சரி" என்றார் ஒயர்காரர். "உனக்கு மூணு."

"என்ன மூணு?"

"ஒண்ணுமில்ல" என்றார் மாப்பிள்ளை அவசரமாக.

வாக்குக் கொடுத்தபடி ஆய்வாளரம்மா வந்தார். மழை விட்டிருந்தது. சக்களத்தியை வெளியே இழுத்து வானத்தைக் காட்டினார்கள். புள்ளி விழுந்தது, நம்பிக்கை எண் மூன்று. கொட்டகைக்குள் மறுபடி தள்ளச் சொன்னார். கூரைக்கு அடியில் போனதும் பெட்டி சற்று நேரம் தயங்கியது. பிறகு, எனக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தது. ஆய்வாளரம்மா தலையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டார். கிளம்பும்போது தங்கச்சியின் நனைந்த புடவையைப் பார்த்து, "வாத்து என்ன சொன்னுச்சு?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

ஒயர்காரர் சாமான்களைத் துடைத்துக் கருவிப் பெட்டியில் அடுக்கினார். மாப்பிள்ளை படகுப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"இங்க குடுங்க" என்றார் ஒயர்காரர்.

"உங்ககிட்ட படகு இல்லையே மச்சான்."

"என் பணம் இதுக்குள்ளதானே இருக்கு? குடுங்க."

வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். சாராய வாடை வீசும் துடைப்புத் துணியை எடுத்து மூடியின் உள்பக்கத்தை அழுத்தித் தேய்த்தார். மை பழசு, லேசில் போகவில்லை. முதலில் இருபது போயிற்று, பிறகு முந்நூறு. நாலாயிரத்தில் வந்து கை வலித்தது. மாப்பிள்ளை துணியை வாங்கி மிச்சத்தைத் தேய்த்தார். நன்றாகவே தேய்த்தார். தகரம் பளபளவென்று வந்தது.

"வெறுமையா இருக்கு மச்சான். புதுசா இந்தப் பெட்டி விலைய எழுதிக்குங்களேன்."

"அந்தக் கணக்க நான் வச்சிருக்கேன்" என்றாள் தங்கச்சி. "மூடுங்க அண்ணே, நேரமாச்சு."

ஒயர்காரர் மூடினார்.